நாலு கோடும் நிற்குது, கால் போகலையே: ராமநாதபுரம் கடற்கரையின் செல்போன் சேவை

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் செல்போன் சேவைக்கு எங்கள் மதிப்பீடு இது. ஊருக்குள்ளும் பெரிய சாலையோரமும் நன்று. தடித்த சுவர் வீட்டுக்குள்ளும் அமாவாசைக் கூட்டத்திலும் சுமார். தனுஷ்கோடி முனையில் குறைவு. கடலுக்குள் நம்பவே கூடாது. எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இரண்டு பதில் வரும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் சிம்மை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியக்கூடிய விஷயம்தான். அதனால் பிள்ளைகளுக்கே சொல்கிறோம். பெரியவர்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

செல்போன் ஒரு சின்ன ரேடியோ. அது கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். பலர் நினைப்பதுபோல நம் சாதாரண போன் வானத்துச் சாட்டிலைட்டோடு பேசுவதில்லை. பக்கத்தில் இருக்கும் டவரோடு மட்டும்தான் பேசுகிறது. டவரிலிருந்து பேச்சு கண்ணாடி இழைக் கேபிளில் ஏறும். கேபிள் இல்லாத இடத்தில், டவரில் வட்டமாக வெள்ளையாகத் தெரிகிறதே, அந்த மைக்ரோவேவ் ஆன்டெனா அடுத்த டவருக்கு அனுப்பும். கீழக்கரையிலிருந்து துபாயில் இருக்கும் வாப்பாவோடு பேசும்போது காற்றில் போகும் தூரம் இந்தப் பக்கம் ஒன்றிரண்டு கிலோமீட்டர், அந்தப் பக்கம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். நடுவில் உள்ளது பெரும்பாலும் நிலத்தடியிலும் கடலடியிலும் கிடக்கும் கேபிள்.

ஒரு டவர் எவ்வளவு நிலத்துக்குச் சேவை தருகிறதோ, அந்த நிலத்துண்டுக்குத்தான் செல் என்று பெயர். வரைபடத்தில் அதை அறுகோணமாக வரைவார்கள். இந்த யோசனை 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கையில் பிடித்துப் பேசும் போனில் முதல் அழைப்பை மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் தெருவில் நின்று செய்தார். இந்தியாவில் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது.

ஒரு டவரில் சாதாரணமாக மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா இருக்கும். ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். நீளமாக, செங்குத்தாக நிற்கும் வெள்ளைப் பலகைகள் அவைதான். ராமேஸ்வரத்தில் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தைக் காட்டி, இவ்வளவு பெரிய டவர் இருந்தும் ஏன் சிக்னல் இல்லை என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அது டிவி ஒளிபரப்புக்காகக் கட்டியது. செல்போனுக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. 30, 40 மீட்டர் போதும். உயரமான ஒரே டவரைவிட, தாழ்வான பல டவர்கள் அதிகம் பேருக்கு இடம் கொடுக்கும்.

போனை ஆன் செய்ததும் என்ன நடக்கிறது

முதலில் போன் சும்மா கேட்கும். ஒவ்வொரு டவரும் தான் எந்த நாடு, எந்தக் கம்பெனி என்பதை எண்ணாக ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. போன் தன் கம்பெனியின் எண்ணைக் கண்டதும் அந்த டவரிடம் தன்னைப் பதிவு செய்யும். அப்போது டவருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு புதிர் எண்ணை அனுப்பும். சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதே சாவியின் இன்னொரு பிரதி கம்பெனியிடம் இருக்கிறது. சிம் அந்தச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சாவி சிம்மை விட்டு வெளியே வராது. விடை பொருந்தினால் உள்ளே விடுவார்கள்.

இனி உங்களை யாராவது கூப்பிட்டால், நீங்கள் இருக்கும் வட்டாரத்தின் டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உங்கள் போனைக் கூப்பிடும். போன் ஓரிரு வினாடிக்கு ஒருமுறை கண் விழித்து, தன்னை யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். அதனால்தான் ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்கிறது. கூப்பிட்டது தன்னைத்தான் என்றால் பதில் சொல்லும், மணி அடிக்கும். நீங்கள் பேசுவதை போன் வினாடிக்கு 50 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றி அனுப்புகிறது. பத்துத் துண்டு தொலைந்தால் உங்களுக்கு ஒரு சொல் விழுங்கியதுபோல் கேட்கும்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் பேசிக்கொண்டே போனால், ஒரு டவர் மங்க மங்க அடுத்த டவருக்கு உங்கள் பேச்சு கைமாறும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் தண்ணீர், மறைக்க மரமோ கட்டடமோ இல்லை. தூரத்து டவர்கள் பலவும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும். எதைப் பிடிப்பது என்று போன் மாறி மாறித் தாவும். தாவும் நேரத்தில் பேச்சு அறுந்துவிடும். சிக்னல் நன்றாகத் தெரியும் இடத்தில் கால் கட்டாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கோடு சொல்வது பாதி உண்மை

சேவையை மதிப்பிடும்போது எல்லாரும் செய்யும் தவறு, திரையின் மூலையில் இருக்கும் கோட்டை எண்ணுவது. அந்தக் கோடு, டவர் பேசுவது உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். உங்கள் போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. டவரின் ஒரு ஆன்டெனா 20 வாட், 40 வாட் பலத்தில் பேசும்; 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பேசும். கரையில் ஒருவர் மைக் செட் வைத்துப் பேசுகிறார், வல்லத்தில் இருப்பவர் வெறும் வாயால் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வல்லத்தில் எல்லாம் கேட்கும். கரையில் ஒன்றும் கேட்காது. கடலில் கோடு தெரிந்தும் கால் போகாததற்குக் காரணம் இதுதான்.

கோட்டுக்குப் பதிலாக எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் (dBm) என்ற அளவில், கழித்தல் குறியோடு இருக்கும். சில போன்களில் இந்தப் பக்கம் வேறு பெயரில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தவும். 4ஜிக்கு -80 மிக நன்று, -90 நன்று, -100 சுமார், -110 மோசம், -120 என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். -80 என்பது -90 ஆவதுபோல எண் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். வீட்டின் ஒவ்வொரு அறையிலும், திண்ணையிலும், மொட்டை மாடியிலும் ஒரு நிமிடம் நின்று இந்த எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். எந்தக் கடைக்காரர் சொல்வதையும்விட அந்த நோட்டு உண்மையானது.

இன்னொரு சோதனை: போனை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று, இடைவெளி இல்லாமல் சுற்றி, வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். பெரும்பாலும் மணி அடிக்காது. ரேடியோ அலையை உலோகம் தடுக்கிறது. தகரக் கூரைக் கொட்டகையிலும் ஐஸ் பிளான்ட்டின் உலோகத் தடுப்புக்குள்ளும் சிக்னல் மங்குவது ஏன் என்பது இதில் விளங்கிவிடும்.

சுவரும் அலையின் நீளமும்

டவர் அனுப்பும் அலை வினாடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை அதிர்கிறது என்பதுதான் மெகாஹெர்ட்ஸ் எண். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். ஸ்கேல் எடுத்துக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 850 என்றால் 35. 2300 என்றால் 13. 5ஜிக்குப் பயன்படும் 3500 என்றால் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. நீளமான அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் சுமக்கும் நெட் குறைவு. குட்டை அலை நிறையச் சுமக்கும்; சுவரிலும் மரத்திலும் தோற்றுப்போகும்.

கீழக்கரையின் நெருக்கமான தெருக்களில், தடித்த சுவர் கொண்ட பழைய வீடுகளில் நடு அறைக்குப் போனதும் 5ஜி போய் 4ஜி ஆவதும், அதுவும் மங்குவதும் இதனால்தான். அங்கே வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்வது எங்கள் முதல் பரிந்துரை. அழைப்பு டவரை விட்டுவிட்டு வைஃபை வழியே போகும்; எண் மாறாது. எந்த அலை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பார்க்க, சிக்னல் விவரம் காட்டும் இலவச ஆப்கள் உள்ளன. பேண்ட் என்பது அலைவரிசைக்கு வைத்த எண். பேண்ட் 5, 8, 28 என்று காட்டினால் நீளமான அலை. 1, 3, 40 என்றால் குட்டை. ஜியோ பேண்ட் 5-ஐயும் பிஎஸ்என்எல் 4ஜி பேண்ட் 28-ஐயும் பயன்படுத்துகின்றன. ஆனால் உங்கள் தெருவுக்கு அந்த அலை வருகிறதா என்பதை போன்தான் சொல்ல வேண்டும், விளம்பரம் சொல்லாது.

சந்தையில் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு பெட்டியை விற்பார்கள். வாங்காதீர்கள். உரிமமில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அது உங்கள் வீட்டுக்குக் கோட்டைக் கூட்டிவிட்டு, டவரின் காதில் இரைச்சலைக் கொட்டும். தெருவே பேச முடியாமல் போகும்.

கடலில் எவ்வளவு தூரம்

பூமி உருண்டை. ரேடியோ அலை கொஞ்சம் வளைந்து போனாலும் ஓரிடத்தில் கடல் மட்டமே அதை மறைத்துவிடும். கணக்கு எளிது: டவர் உயரத்தின் வர்க்கமூலத்தையும் போன் இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள். 40 மீட்டர் டவருக்கு 26 கிலோமீட்டர். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கையில் போன் இருந்தால் ஏறக்குறைய 6. ஆக 32 கிலோமீட்டர். பழைய 2ஜிக்கு இன்னொரு எல்லையும் உண்டு: தூரத்துப் போனின் பேச்சு தாமதமாக வந்து சேருவதை ஈடுகட்ட, டவர் தன் நேரக் கணக்கை 550 மீட்டர் வீதம் 63 படிதான் தள்ள முடியும், அதனால் 35 கிலோமீட்டருக்கு அப்பால் சிக்னல் கேட்டாலும் பேச முடியாது.

இதெல்லாம் காகிதத்தில். டவர் ஆன்டெனாக்கள் ஊரைப் பார்த்து, சற்றுக் கீழே சாய்த்துத்தான் வைக்கப்படுகின்றன. கடலுக்குக் கிடைப்பது சிந்திய மிச்சம். அதோடு 0.2 வாட் போன் அவ்வளவு தூரம் பேசி எட்டாது. ஆகவே நாட்டுப்படகோ விசைப்படகோ, கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் தாண்டினால் செல்போனை உதவிக்கு என்று கணக்கில் வைக்காதீர்கள். வெயில் காலத்தில் கடல்மேல் காற்றடுக்குகள் அலையைத் தாங்கிப் பிடித்து வெகுதூரம் கடத்திச் செல்லும் நாட்கள் உண்டு. நேற்று அந்த இடத்தில் கால் போனதே என்று இன்று நம்பினால் ஏமாற்றம்தான்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருக்காது. டவரைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டே இருக்கும், மங்கலாக ஒன்று கேட்டால் முழு பலத்தில் கத்தும், சூடாகும், சார்ஜ் கரையும். கரை தாண்டியதும் பிளைட் மோடில் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது எடுங்கள். பிளைட் மோடிலும் ஜிபிஎஸ் பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். அது 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சாட்டிலைட் சிக்னலைக் கேட்பது மட்டும்தான். மேப்பைக் கரையிலேயே டவுன்லோடு செய்து வைத்திருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆபத்து என்று பிறருக்குச் சொல்ல அது உதவாது. அதற்குப் படகில், டவர் இல்லாமல் நேரடியாகப் பேசும் விஎச்எஃப் ரேடியோ வேண்டும். 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கானது. சிக்னல் கிடைக்கும் தூரத்தில் என்றால் கடலோரக் காவல் படையின் 1554, எல்லா அவசரத்துக்கும் 112. உங்கள் கம்பெனி டவர் இல்லாத இடத்தில் வேறு கம்பெனி டவர் இருந்தால், திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று வரும். அப்போதும் 112 அடித்துப் பார்க்கலாம். இந்த எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

தனுஷ்கோடியும் இலங்கை டவரும்

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. கூட்டமும் போகிறது. ஒல்லியான மணல் திட்டு, நிரந்தரமாகக் குடியிருப்போர் மிகச் சிலர். ஊருக்குள் இருப்பதுபோல டவர்கள் நெருக்கமாக இல்லை. எதிரே தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். நடுவே வெறும் கடல். 413 என்று அறிவிக்கும் இலங்கை டவர் உங்கள் போனுக்குக் கேட்பதில் வியப்பில்லை. சர்வதேச ரோமிங் இல்லாத சிம் அதில் சேர முடியாது. ரோமிங் உள்ள சிம் சேர்ந்துவிடும், வெளிநாட்டுக்கு வரவேற்று எஸ்எம்எஸ் வரும், கட்டணமும் அந்தக் கணக்கில் ஓடும். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்று என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புறப்படும் முன் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்காமல் உங்கள் கம்பெனி பெயரிலேயே நிறுத்திவையுங்கள். திரும்பியதும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். போன் இலங்கை டவரில் மாறி ஒட்டிக்கொண்டால் பத்து வினாடி பிளைட் மோடு போட்டு எடுத்தால் போதும்.

கையில் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐக்கு உங்கள் போனுக்கும் நெட் வேண்டும், கடைக்காரருக்குப் பணம் வந்த செய்தியும் வர வேண்டும். நடுவில் அறுந்து கணக்கில் பணம் போய் கடைக்குச் சேராவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்.

கூட்டமும் புயலும்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தக் கரையில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். கால் போகாது, போட்டோ ஏறாது. ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் இதே கதை. டவர் நன்றாகக் கேட்கிறது, ஆனால் அதனிடம் இருக்கும் அலையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் பத்துமுறை ரீடயல் செய்வது நெரிசலைக் கூட்டும். எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அதற்குத் தேவையான இடம் மிகக் குறைவு, வரிசையில் நின்றாவது போய்ச் சேரும். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோர் எண் எழுதிய துண்டுச் சீட்டு இருப்பது எந்தக் கம்பெனி சேவையைவிடவும் உறுதி.

புயலில் டவர் விழுவதைவிட கரன்ட் போவதால்தான் சேவை அதிகம் நிற்கிறது. டவரின் கருவிகள் 48 வோல்ட் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு டீசல் ஜெனரேட்டர். சாலை மூழ்கி டீசல் போகாவிட்டால் டவர் ஊமை. ராமேஸ்வரம் தீவுக்கு இன்னொரு பலவீனம்: தீவின் டவர்கள் எல்லாம் விழாமல் வேலை செய்தாலும், வெளியூரோடு பேச இணைப்பு எப்படியும் கடலைத் தாண்டியாக வேண்டும். அது அறுந்தால் கோடு தெரியும், பேச்சு போகாது. சாதாரண நாட்களில் உப்புக் காற்றே பெரிய எதிரி. ஆன்டெனாவின் கேபிள் இணைப்புகளில் உப்பும் ஈரமும் ஏறினால் டவரின் பலம் குறைந்துபோகும், ஊர்க்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. திடீரென்று தெருவுக்கே சிக்னல் குறைந்து அப்படியே நாட்கணக்கில் இருந்தால், போன் பழுது என்று கடைக்குப் போகுமுன் 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்.

புயல் எச்சரிக்கையைப் பெரிய ஒலியோடு எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை 2023-இல் நாடெங்கும் சோதிக்கப்பட்டது. டவர் ஒருமுறை சொல்வதை எல்லாப் போனும் கேட்டுக்கொள்ளும் என்பதால் நெரிசலிலும் அது வரும். செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சிம் மாற்றுவதற்கு முன்

பட்டன் போன் வைத்திருக்கும் அப்பத்தாவுக்கு ஜியோ சிம் வாங்கினால் அந்தப் போன் 4ஜி பட்டன் போனாக இருக்க வேண்டும். ஜியோவில் 2ஜி கிடையாது. நெட் தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைத் தானாக எடுத்துக் காட்டமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். டச் போன் என்றால் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, ஆனில் இருக்க வேண்டும். அதை ஆஃப் செய்துவிட்டு கால் சரியில்லை என்று சிம்மைக் குறை சொல்வோர் நிறைய.

பக்கத்து வீட்டார், உறவினர் வைத்திருக்கும் வேறு வேறு கம்பெனி போன்களை வாங்கி, உங்கள் வீட்டில் காலை, இரவு எட்டு மணி என்று இரு நேரமும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள், ஒரு கால் பேசுங்கள். இரவு எட்டு மணிதான் உண்மையான பரீட்சை. எல்லாரும் வீடியோ பார்க்கும் நேரம். கம்பெனிகள் கவரேஜ் வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பதும் இப்போது விதி. சாலைக்கு அப்பால் ஓரிரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீனவக் குடியிருப்பு என்றால் வரைபடத்தின் நிறத்தைவிட உங்கள் நோட்டையே நம்புங்கள்.

முடிவு செய்துவிட்டால், எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம். இப்போதுள்ள சேவையில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. PORT என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் பத்து இலக்க எண்ணும் அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு வரும், அது நாலு நாள் வரை செல்லுபடியாகும். அதையும் ஆதாரையும் கொண்டுபோய்ப் புதுச் சிம் வாங்கினால் தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். மாறும் இரவில் சில மணி நேரம் போன் ஊமையாக இருக்கும். மறுநாள் படகு ஏறுகிறவர் வீட்டில் அந்த இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.